ஒரு சொல் மாறாமல்

பெர்சி மூன்றாவது முறையும் அதையே சொல்லி முடித்தாள்.

எழுந்து நின்று, கை கட்டி, சுவரைப் பார்த்தபடி. தன்னிடம் தப்பாக நடந்தது சித்தப்பாதான் என்று சொன்ன இடத்தில்கூடக் குரல் பிசிறவில்லை.

சிறுமியை வெளியே உட்காரவைத்துவிட்டு எஸ்.ஐ. விக்டோரியா கதவைச் சாத்தினார்.

"சொல்லிக் குடுத்துக் கூட்டிட்டு வந்திருக்காவ சார். வசனம் ஒப்பிக்க மாதிரில்லா சொல்லுதா."

கிளைட்டன் காவல்துறைக்கு உதவும் மனநல ஆலோசகன். இப்படிப்பட்ட பிள்ளைகளிடம் பேசிப் பார்த்துக் கருத்து எழுதித் தருவதுதான் அவன் வேலை. சொல்லிக்கொடுத்தது என்று எழுதினால், சாயங்காலமே அவள் அதே வீட்டுக்குப் போவாள். சித்தப்பாவும் அங்கேதான்.

விக்டோரியாவின் சந்தேகத்தையும் தள்ளிவிட முடியாது. வீட்டைப் பிரிப்பதில் பெர்சியின் அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் பேச்சுவார்த்தையே இல்லை.

ஆனால் பெர்சியின் ஊரான நாசரேத்தில்தான் கிளைட்டனும் வளர்ந்தான். தேவாலயத்து ஓய்வுநாள் பள்ளியில் பெரியவர்கள் எதைக் கேட்டாலும் எழுந்து நின்று, கை கட்டி, பிசகாமல் சொல்ல வேண்டும். பிசகினால் மறுபடியும் முதலிலிருந்து.

பெர்சியைத் திரும்ப அழைத்தான். காலையில் தூத்துக்குடிக்கு எப்படி வந்தாய் என்று கேட்டான்.

எழுந்தாள். கை கட்டினாள். ஏரலில் பஸ் மாறியது, முக்காணி தாண்டி வாந்தி எடுத்தது, அம்மா முந்தானையால் துடைத்தது.

வேறு ஏதேதோ பேசிவிட்டு மறுபடியும் கேட்டான். ஏரல், முக்காணி, முந்தானை. ஒரு சொல் மாறவில்லை.

வாந்தி எடுத்ததை யாரும் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள்.

அவள் போனதும், இது அவள் பேசுகிற விதம், இதை வைத்துப் பொய் என்று எழுத முடியாது என்றான். விசாரணை முடியும்வரை அந்த வீடு வேண்டாம்.

விக்டோரியாவுக்கு மனம் ஒப்பவில்லை.

"அது சரி சார். ஒரு சொட்டுக் கண்ணீர் வரலியே?"

கிளைட்டன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

ஜெபசுதாவுக்குக் காய்ச்சல். மூன்றாம் நாள் மூச்சு வாங்கியது. ஆம்புலன்ஸ் துறைமுகச் சாலையில் லாரிகளுக்குப் பின்னால் நின்றுவிட்டது. ஆஸ்பத்திரி வாசலில் இறக்கும்போது உயிர் இல்லை.

விக்டோரியா முன்பே கேட்ட வார்த்தைகள்தான். பிப்ரவரியில் அவன் வீட்டு வாசலிலும் கல்லறைத் தோட்டத்திலும், வந்த எல்லோரிடமும் இறந்துபோன தன் மனைவி ஜெபசுதாவைப் பற்றி அவன் இதைத்தான் சொன்னான், இதே வரிசையில். கட்டினவன் அழக் காணோமே என்று அன்று முணுமுணுத்தவர்களில் அவரும் உண்டு. அது அவன் காதில் விழுந்திருந்தது.



விக்டோரியா போனை எடுத்து, குழந்தைகள் இல்லத்தில் இன்று ராத்திரி பெர்சிக்கு ஒரு படுக்கை போட்டுவைக்கச் சொன்னார்.