நாலு டயர்

"கழட்டிக்கிட்டுப் போங்கண்ணே. வண்டியைச் சாய்ச்சு என்னைக் கீழ உருட்டாம இருந்தா சரி."

காரின் முன்மூடி மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்த அந்தப் பெண், அவித்த வேர்க்கடலையை உரித்து வாயில் போட்டபடி சொன்னாள். ஆர்லிஸ் ப்ரூயிட்டால் நம்ப முடியவில்லை. கார் பந்தய ஓடுதளத்துக்கு நடுவே இருந்த மைதானம் முழுக்க ரசிகர்களின் கார்கள். அவன் டயர் கேட்டுப் போன இடத்திலெல்லாம் நாயை விரட்டுவது போல விரட்டியிருந்தார்கள். இவள் மட்டும், "உங்க வண்டி எத்தனாவதா ஓடுது?" என்று ஒரு கேள்வி கேட்டாள். ரெண்டாவது என்றான். உடனே சம்மதித்துவிட்டாள்.

தென் கரோலினாவில் அந்தப் பக்கத்து ஆட்கள் அதுவரை செம்மண் தடத்தில் ஓட்டிப் பழகியவர்கள். முட்டை வடிவத்தில் தார் போட்ட தளம் அவர்களுக்குப் புதிது. செப்டம்பர் வெயிலில் தார் கொதித்தது. கடையில் வாங்கியபடியே கொண்டுவந்த கனத்த கார்கள் வளைவில் திரும்பும்போதெல்லாம் வலது முன் சக்கரம் தேய்ந்து வெடித்தது. கொண்டுவந்த டயரெல்லாம் தீர்ந்துபோய், எல்லா அணிக்காரர்களும் மைதானத்தில் பிச்சைக்கு அலைந்தார்கள்.

"ஓட்டறது யாரு?" என்று கேட்டாள்.

"என் தம்பி வெர்லன். அதோ, நீல வண்டி."

"சர்ச்சுக்குப் போற மாதிரி நிதானமாப் போகுதே, அதுவா?"

"நிதானமாப் போறதாலதாம்மா ரெண்டாவதா இருக்கான். அஞ்சு வருஷமா ஓட்டறான், ஒண்ணுலயும் ஜெயிச்சதில்ல. ஊருக்குள்ள தலை காட்ட முடியல. பெட்ரோல் போடப் போனாக்கூட, 'இந்த வாரம் கடைசியா, கடைசிக்கு முந்தியா'ன்னு கேக்கறானுங்க."

"பாவம். முதல்ல போற சிவப்பு வண்டி?"

"அது ஹாய்ட் ஸ்டான்சில், ஜார்ஜியாக்காரர். மத்தவனெல்லாம் உயிரைக் கையில புடிச்சுக்கிட்டு ஓட்டுவான். அவர் உயிர்னு ஒண்ணு இருக்கறதையே மறந்துட்டு ஓட்டுவாரு. அவரைப் புடிக்க முடியாது."

கடலை உரித்துக்கொண்டிருந்த கை சற்று நின்றது.

"ஆமா. பார்த்தா அப்படித்தான் தெரியுது" என்றாள்.

ஆர்லிஸ் முன்சக்கரம் ஒன்றைக் கழற்றி, அந்த இடத்தில் மரக்கட்டையை முட்டுக்கொடுத்தான். "வீட்டுக்கு எப்படிப் போவீங்க? பந்தயம் முடிஞ்சதும் நானே கொண்டுவந்து மாட்டித் தந்துடறேன்."

"வட்டிக்கு அஞ்சாவதா ஒண்ணும் சேர்த்து மாட்டுங்க."

"உங்க பேரு?"

"எதுக்கு, ரசீது எழுதவா? ஓடுங்கண்ணே, தம்பி காத்துக்கிட்டிருப்பாரு."

அவன் மறுபடி மூச்சிரைக்க ஓடி வந்தபோது, வேறொரு அணியின் ஆள் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு அவள் முன்னால் நின்றிருந்தான்.

"டயரா? தர்றதுக்கு இல்லீங்களே" என்றாள் அவனிடம்.

"மூணு இருக்கேம்மா. கண்ணுக்குத் தெரியுதே."

"கண்ணு நல்லா இருக்கு. அதை வச்சு வேற வண்டியைத் தேடுங்க."

அவன் முணுமுணுத்துக்கொண்டே போனதும் ஆர்லிஸிடம் திரும்பினாள். "வாங்க. பின்னாடி ரெண்டையும் எடுத்துக்கங்க. வலது பக்கத்தது நல்லாருக்கும்."

ஆர்லிஸுக்குக் கூச்சமாக இருந்தது. "உங்க வீட்ல திட்ட மாட்டாங்களா?"

"திட்டுவாங்க. நல்லாவே திட்டுவாங்க. பழகிப்போச்சு."

கடைசி டயரைக் கேட்க அவனுக்கு வாய் வரவில்லை. வந்து நின்று தரையைப் பார்த்தான். அவளே காலால் அந்தச் சக்கரத்தைத் தட்டிக் காட்டினாள். "இது மட்டும் என்ன பாவம் பண்ணிச்சு? கழட்டுங்க."

அதை மாட்டிக்கொண்டு வெர்லன் தடத்தில் ஏறிய சிறிது நேரத்தில் பெரிய வெடிச்சத்தம் கேட்டது. சிவப்பு வண்டி சுவரில் உரசி, தடுமாறி, ஒருவழியாக ஓரம் கட்டியது. உடனே திரும்பி வந்துவிடும் என்று எல்லோரும் நினைத்தார்கள். ஸ்டான்சிலின் ஆட்கள் மாற்று டயருக்காக மைதானத்துக்குள் ஓடினார்கள், வெறுங்கையோடு திரும்பினார்கள். வண்டி அசையவே இல்லை. நீல வண்டி அதே சர்ச்சு வேகத்தில் அதைக் கடந்தது, மறுபடி கடந்தது, முடிவைக் காட்டும் கட்டம் போட்ட கொடிக்கு அடியில் முதலாவதாகப் போயே போய்விட்டது. வெர்லன் இறங்கி அண்ணனைக் கட்டிக்கொண்டு குழந்தை மாதிரி அழுதான்.

ஆர்லிஸ் சொன்ன சொல் தவறாமல் வழுவழுவென்று தேய்ந்துபோன நாலு டயரையும் உருட்டிக்கொண்டு மைதானத்துக்கு வந்தான். கட்டைகள் மேல் நின்ற கார்மீது அவள் அப்படியே உட்கார்ந்திருந்தாள். முகம் வெயிலில் கன்றிச் சிவந்திருந்தது.

"நீங்க இல்லன்னா என் தம்பி ஜெயிச்சிருக்கவே மாட்டான். முன்னப்பின்ன தெரியாத எங்களுக்காக எதுக்கும்மா இவ்வளவு பண்ணீங்க?"

"உங்களுக்காகவா?" என்று சிரித்தாள்.

அவள் பார்வை அவனைத் தாண்டிப் போனது. ஆர்லிஸ் திரும்பிப் பார்த்தான். தலைக்கவசத்தைக் கையில் பிடித்தபடி, முகமெல்லாம் கரியாக, ஹாய்ட் ஸ்டான்சில் இந்தக் காரை நோக்கித்தான் விறுவிறுவென்று வந்துகொண்டிருந்தார்.

அவள் கீழே குதித்துப் பாவாடையைத் தட்டிவிட்டுக்கொண்டாள். "அவசரத்துக்கு வேணும், பத்திரமாப் பார்த்துக்கன்னு இந்த நாலு டயருக்கும் என்னைக் காவல் வச்சுட்டுப் போனது அவருதான், என் வீட்டுக்காரர். இதுல தோத்தா இனி பந்தய வண்டியில ஏறவே மாட்டேன்னு காலையிலதான் பைபிள் மேல கை வச்சு எனக்குச் சத்தியமும் பண்ணிக் குடுத்தாரு."