இடமிருந்து மூன்றாவது

'இந்தப் படத்தை நீக்கவா?' என்று கேட்டுக்கொண்டு நின்றது கணினி. கீழே ஆம், இல்லை என்று இரண்டு பொத்தான்கள்.

"எடுத்துடாத தம்பி," என்றார் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா. "எங்கிட்ட வேற படமே இல்ல."

வீட்டோடு எல்லாம் எரிந்துபோனதாம். அப்படி ஒரு மகன் இருந்தான் என்பதற்கு மிச்சமிருப்பது இரண்டுதான். ஒன்று இந்த அம்மா. இன்னொன்று எங்கள் தளத்தின் 412-ஆம் பதிவு.

எங்கள் தளம் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். போரில் இறந்தவர்களின் பெயர், வயது, படம், அவ்வளவுதான். தையல் கடைக்கு மேலே ஓர் அறை. பதிவேற்றுகிறவன், பிழை திருத்துகிறவன், கூட்டிப் பெருக்குகிறவன் எல்லாம் நான் ஒருவனே. ஊழியர் கூட்டம் போட வேண்டுமானால் கண்ணாடி முன்னால் போய் நிற்க வேண்டும்.

விதிகளுக்கு மட்டும் குறைச்சலில்லை. 'தவறான முகத்தைவிட முகமில்லாமல் இருப்பதே மரியாதை' என்று நானே எழுதி, நானே அச்சடித்து, நானே சுவரில் ஒட்டியிருக்கிறேன்.

போன வாரம் வெளிநாட்டிலிருந்து ஒரு கடிதம் வந்தது. இந்த அம்மாவின் மகன் விளையாடிய பள்ளிக் கால்பந்து அணியின் கோல் கீப்பர் எழுதியிருந்தார். 412-இல் இருப்பது அவன் இல்லை.

பள்ளி ஆசிரியர் கொடுத்திருந்த, அந்த அணியின் பழைய பிலிமைத் தேடி எடுத்தேன். வரிசையில் ஆறு பேர். 'இடமிருந்து மூன்றாவது' என்று அவர் தெளிவாகத்தான் குறித்துக் கொடுத்திருந்தார். நான்தான் பிலிமைப் புறம் மாற்றி ஸ்கேனரில் வைத்திருக்கிறேன். இடம் வலமாகி, மூன்றாமவன் நிற்க வேண்டிய இடத்துக்கு நான்காமவன் வந்துவிட்டான்.

ஸ்கேன் செய்த அன்று ஒரே நாளில் எண்பது முகங்கள். அதிலும் அந்தப் பிலிமை நேராகப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. ஆறு பேரில் நான்கு பேர் எங்கள் பட்டியலில் இருக்கிறார்கள். மற்ற மூவருக்கு வீட்டிலிருந்தே படம் வந்திருந்தது. இவனுக்கு மட்டும் எண்ணைப் பார்த்து வெட்டினேன், ஏற்றினேன். முகத்தைப் பார்க்கவில்லை. அப்புறமும் பார்க்கவில்லை.

சரி, உண்மையான மூன்றாமவனை எடுத்துப் போட்டுவிடலாம் என்றால் அதிலும் மண். நான்காமவன் வெற்றிக் கோப்பையைச் சாய்த்துத் தூக்கிப் பிடித்திருக்கிறான். மூன்றாமவனின் முகம் முழுக்க அதற்குப் பின்னால். மேலே ஒரு கொத்து முடி மட்டும் தெரிகிறது.

இதையெல்லாம் விவரமாக எழுதி, ஏழு நாளில் படம் நீக்கப்படும் என்று அந்த அம்மாவுக்கு அறிவிப்பு அனுப்பினேன். ஆறாம் நாள் இரண்டு பஸ் மாறி வந்துவிட்டார்.

"இதை எடுத்தா, படமில்லாதவங்களுக்குப் போடுற அந்தச் சாம்பல் கலர் மண்டை வந்துடும். கண்ணு இல்ல, மூக்கு இல்ல. பெத்தவ எதைப் பாத்துப் பேசுறது?"

நாலு தடவை தொண்டையைச் செருமினேன். "அம்மா, இது உங்க பையன் இல்லம்மா."

"தெரியும்."

மவுஸை விட்டுவிட்டேன்.

"பெத்த எனக்குத் தெரியாதா? மொத நாளே தெரியும். சொன்னா எடுத்துடுவியேன்னுதான் சொல்லல." கைக்குட்டையை மடித்து மடித்துப் பிரித்தார். "இதுவும் யாரோ பெத்த புள்ளதானே. போயிருப்பான், பாவம். கேக்க ஆள் இருக்கோ இல்லையோ. ரெண்டு வருசமா ரெண்டு பேருக்கும் சேர்த்துத்தான் அழுதுக்கிட்டிருக்கேன். இருந்துட்டுப் போகட்டுமே."

சுவரைப் பார்த்தேன். விதி உதவிக்கு வரவில்லை. 'இல்லை'யை அழுத்திவிட்டால் யார் கேட்கப் போகிறார்கள்? விரல் அங்கே போயும்விட்டது.

ஆனால் கடிதத்தில் இன்னொரு வரியும் இருந்தது. அதை நான் அறிவிப்பில் எழுதவில்லை.

"இவன் சாகலம்மா," என்றேன்.

அவர் திரும்பினார். "என்ன சொல்ற? உசுரோடவா இருக்கான்?"

"இருக்கான். தலை வழுக்கை. தொப்பை வேற. பெருசா ஒண்ணும் சாதிக்கல."

"சாதிக்காட்டி என்ன. வேளாவேளைக்குச் சாப்பிடுறானா?"

"அதுல ஒரு குறையும் இல்ல."

"அய்யோ, அப்ப எடு! உசுரோட இருக்கிற புள்ளயவா செத்தவங்களுக்கு நடுவுல வச்சு அழுதுக்கிட்டிருந்தேன்? எடுடா!"

தம்பி 'டா'வாகிவிட்டான். என் கை நகராததைப் பார்த்து, அதன்மேல் தன் கையை வைத்து அவரே அழுத்தினார்.

படம் போயிற்று. சாம்பல் மண்டை வந்தது.

அழுதிருந்தால்கூடப் பரவாயில்லை. பையை மடியில் இறுக்கிக்கொண்டு அந்தச் சாம்பலையே பார்த்தபடி இருந்தார். கீழே தையல் மிஷின் ஓடி, நின்று, மறுபடி ஓடியது.

"முடி மட்டும் தெரியுதுன்னு எழுதியிருந்தியே," என்றார் கடைசியில். "அதையாவது போட முடியுமா?"

முடியைப் பற்றி விதியில் ஒன்றும் இல்லை. பிலிமை இம்முறை சரியான புறமாக வைத்தேன். மூன்று தடவை சரிபார்த்தேன். எவ்வளவு ஒட்ட வெட்டினாலும் கோப்பையும் அதைப் பிடித்திருந்த கையும் சேர்ந்தே வந்தன.

அவர் திரையில் விரல் வைத்து அந்த முடியைத் தடவினார்.

"அவன்தான். இந்த முன்சுழி அவனோடதுதான். எவ்வளவு எண்ணெய் வச்சாலும் படியாது."

ரொம்ப நேரம் தடவினார். பிறகு கோப்பையைப் பிடித்திருந்த கையைக் கவனித்தார்.

"பாவம், இந்தப் புள்ளைக்குச் சுண்டுவிரல் கோணல்."

நான் என் கையை மெதுவாக மேசைக்கு அடியில் இழுத்துக்கொண்டேன்.