ஏழுக்கும் எட்டுக்கும் நடுவே

காலை எட்டு மணிக்கு ஒரு நிமிடம் பாக்கி. மேசை மேல் ஒன்பது கைக்கடிகாரங்கள். அவற்றின் முன்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவரை எல்லாரும் லிஃப்ட்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஆஸ்பத்திரியில் லிஃப்ட் மெக்கானிக்.

ஒன்பதும் பழைய காலத்துத் தாவல் கடிகாரங்கள். மணி முள் கிடையாது. சின்ன ஜன்னலில் ஒரே ஒரு எண். மணி நிறையும்போது அது டக்கென்று அடுத்த எண்ணுக்குத் தாவும். பழுதானவற்றைத் தேடிப் பிடித்து ஓட வைப்பது அவருடைய பொழுதுபோக்கு.

எட்டுக் கடிகாரங்கள் தாவின. ஒன்பதாவதும் தாவியது.

"எல்லாம் தாவியாச்சுல்ல? இப்ப நீங்க எழுந்து குளிக்கப் போங்க," என்றாள் மனைவி.

அந்த ஒன்பதாவது போன மாதம் வரை ஏழைத் தாண்டாது. ஏழில் பாதியும் எட்டில் பாதியுமாக ஜன்னலில் நின்றுவிடும். உள்ளே நட்சத்திரம் மாதிரி ஒரு சக்கரம். அதில் ஒரு பல் தேய்ந்திருந்தது. வேறு சக்கரம் எங்கு தேடியும் கிடைக்கவில்லை.

அதைப் பார்த்துப் பார்த்து அவருக்கு ஒரு கனவு வர ஆரம்பித்தது. ஏழாவது மாடிக்கும் எட்டாவது மாடிக்கும் நடுவில் லிஃப்ட் நிற்கிறது. உள்ளேயிருந்து யாரோ மெதுவாகத் தட்டுகிறார்கள். பயமோ கோபமோ இல்லாமல், விருந்தாளி கதவைத் தட்டுவதுபோல. இவர் பஞ்சால் திரித்த கயிறு ஒன்றை இழுத்துக்கொண்டே இருக்கிறார். கயிறு வந்துகொண்டே இருக்கிறது. லிஃப்ட் வரவில்லை. விடிந்துவிடும்.

இதை அவர் ஒரே ஒருவரிடம்தான் சொன்னார். ஆஸ்பத்திரியின் மயக்க மருந்து டாக்டர். அவருக்கும் இதே கடிகாரப் பைத்தியம். அச்சு அசலாக இதே கடிகாரம் அவரிடமும் ஒன்று உண்டு. ஞாயிற்றுக்கிழமை ஆனால் இருவரும் டாக்டர் வீட்டில்தான்.

"ஒரு வாரம் என்கிட்ட இருக்கட்டும்," என்று வாங்கி வைத்துக்கொண்டார் டாக்டர். ஒரு வாரத்தில் அது தாவியது.

"என்ன பண்ணீங்க டாக்டர்?"

"கொஞ்சம் எண்ணெய் விட்டேன். அவ்வளவுதான்."

அன்றோடு கனவு நின்றது.

இன்று ஞாயிறு. கை சும்மா இருக்காமல், லிஃப்ட்காரர் அந்த ஒன்பதாவதைப் பிரித்தார். பார்த்தார். லென்ஸைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"இது என் சக்கரம் இல்ல."

"அதெப்படித் தெரியும்?"

"சிவப்புப் புள்ளி இல்ல."

லிஃப்ட் வேலையில், முடுக்கிய போல்ட் ஒவ்வொன்றிலும் சிவப்புப் பெயிண்டால் அடையாளம் வைப்பார்கள். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. தான் தொட்ட பாகத்தில் ஊசிமுனையளவு சிவப்பு வைக்காமல் அவர் எந்தக் கடிகாரத்தையும் மூடியதில்லை.

"தேஞ்ச சக்கரம் அவருக்கு எதுக்காம்?"

"தேஞ்சாலும் அதுதான் ஒரிஜினல். இந்தப் பைத்தியம் பிடிச்சவனுக்கு ஒரிஜினல்னா உசிர். ஏதோ ஒரு நகலைப் போட்டுக் குடுத்துட்டு அசலைச் சுருட்டிட்டாரு."

"ஊரையே மயக்கறவர். உங்களுக்கு ஊசிகூடத் தேவைப்படல போல."

"சிரிக்காதே. நேராப் போய்க் கேட்டுடறேன். அதுக்கப்புறம் அந்தப் பக்கம் தலைவெச்சுக்கூடப் படுக்க மாட்டேன்."

"இத்தனை வருஷப் பழக்கங்க."

"அதனாலதான் கேட்கணும்."

டாக்டர் வீட்டில் திரைகள் எப்போதும் பாதி இழுத்திருக்கும். வெயில்கூட அங்கே கொட்டாவி விட்டுக்கொண்டுதான் உள்ளே வரும்.

"வாங்க மெக்கானிக். தூக்கம் எப்படி?"

"தூக்கத்துக்கு என்ன டாக்டர். நான் வேற ஒண்ணு கேட்க வந்தேன்."

"கனவு?"

"வரல. என் கடிகாரத்தைத் திறந்து பார்த்தேன் டாக்டர்."

"திறக்காதீங்கன்னு சொன்னேனே. தூசி உள்ளே போகும்."

"என் சக்கரம் எங்கே?"

டாக்டர் தேநீர் ஊற்றக் கையை நீட்டினார். அந்தப் புழுக்கத்திலும் முழுக்கைச் சட்டை. கை நீண்டபோது சட்டை மேலே ஏறி, மணிக்கட்டில் கடிகாரம் தெரிந்தது.

ஜன்னலில் ஏழில் பாதியும் எட்டில் பாதியும்.

அப்போது மணி பதினொன்று.

வழியெல்லாம் சேர்த்துக்கொண்டு வந்த வார்த்தைகளை லிஃப்ட்காரர் தேநீரோடு சேர்த்து விழுங்கினார். டாக்டர் சட்டையைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார்.

"சர்க்கரை போதுமா?"

"போதும் டாக்டர்."

லிஃப்ட்காரர் காலிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"உங்க கடிகாரம் ஒரு வாரம் என்கிட்ட இருக்கட்டும்," என்றார் லிஃப்ட்காரர்.

"எதுக்கு?"

"கொஞ்சம் எண்ணெய் விடணும்."

டாக்டர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகக் கழற்றிக் கொடுத்தார்.

வீட்டில் மனைவி வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். "கேட்டீங்களா?"

"கேட்டேன்."

"என்ன சொன்னாரு?"

"தூக்கம் எப்படின்னு கேட்டாரு."

அடுத்த ஞாயிறு, ஜூன் பதினான்காம் தேதி, காலை எட்டு மணிக்கு டாக்டரின் கடிகாரம் டக்கென்று எட்டுக்குத் தாவியது. அதன் சக்கரத்தில் புதிதாக ஒரு சிவப்புப் புள்ளி இருந்தது. லிஃப்ட்காரரின் ஒன்பதாவது கடிகாரம் மறுபடி ஏழுக்கும் எட்டுக்கும் நடுவிலேயே நின்றது. அன்று இரவும் அவர் நன்றாகத் தூங்கினார்.