மஞ்சள் சுடர்

பிளாஸ்டிக் தாள் போர்த்திய கூடாரமான பாலிஹவுஸின் கதவுகளையெல்லாம் அடைத்து உள்ளே காஸ் பர்னரை எரியவிடுவார்கள். அதிலிருந்து வரும் கரியமில வாயுதான் குடமிளகாய்ச் செடிகளுக்குத் தீனி. சுடரின் நீலம் மாறாமல் பார்த்துக்கொள்வது பெஞ்சமினின் வேலை. மஞ்சளாக எரிந்தால் வரும் நச்சுவாயு வாசனைகூடத் தெரியாமல் ஆளையே கொல்லும் என்று சொல்லித்தான் வேலைக்கு வைத்திருந்தார்கள். உள்ளே களை பறித்துக்கொண்டிருந்த அவன் மனைவி ரூபி, "யோவ், தீயக் கொஞ்சம் கூட்டு, கை விறைக்குது. செடிக்குக் காட்டுற பாசத்துல பாதி எனக்குக் காட்டினா என்ன?" என்றாள். கூட்டினான். காற்று பற்றாமல் சுடரின் நுனி மஞ்சளாயிற்று. அடுத்த கூடாரத்தில் சிலிண்டரை மாற்றிவிட்டு வந்து குறைத்துக்கொள்ளலாம் என்று போனான். திரும்பி வந்தபோது அவள் களைக்கூடைமேல் தலைசாய்த்துக் கிடந்தாள். பர்னரை அணைத்தான். கதவுகளை அகலத் திறந்துவிட்டான். பனிக்காற்று உள்ளே வந்து அவள் முந்தானையை அசைத்தது. "மூடுய்யா, குளிருது" என்று அவள் திட்டுவதற்காகக் காத்து நின்றான்.