தரைத்தளத்தில் ஒரு தேனிலவு

“மாடி வேணாம்கா. படியே இருக்கக் கூடாது. கதவைத் திறந்தா நேரா மணல்ல கால் வைக்கிற மாதிரி பாருங்க” என்றான் யுகேந்திரன்.

லூசி கணினியிலிருந்து தலையை நிமிர்த்தி அவனைப் பார்த்தாள். வயது முப்பதுகளில்தான் இருக்கும். காற்பந்து ஜெர்சி போட்டுக்கொண்டு, கடை வாசல் படிகளை ஒரே தாவலில் தாண்டி உள்ளே வந்தவன்.

பிரிக்பீல்ட்ஸில் அவள் நடத்தும் பயண ஏஜென்சிக்கு எத்தனையோ ஜோடிகள் வந்து போயிருக்கிறார்கள். இப்படி ஒரு ஜோடியை அவள் கண்டதில்லை. பங்கோர் தீவில் தேனிலவுக்கு இடம் வேண்டும் என்று கேட்டு வந்தவர்கள், நடுவில் ஒரு நாற்காலியைக் காலியாக விட்டுவிட்டு ஆளுக்கொரு பக்கமாக உட்கார்ந்திருந்தார்கள்.

“பாத்ரூம்ல பிடிச்சுக்க கம்பி இருக்கான்னும் கேளுங்கக்கா. வழுக்கி விழுந்தா கஷ்டம்” என்றாள் அந்தப் பெண் ஷாமினி.

லூசியின் பார்வை தானாக ஷாமினியின் வயிற்றுப் பக்கம் போய்த் திரும்பியது. விசேஷம் எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை.

“ஹனிமூன் பேக்கேஜ்தானே கேட்டீங்க?”

“ஆமாக்கா, ஹனிமூன்தான். கட்டில்ல பூவெல்லாம் போட்டு வைப்பாங்கல்ல?”

“பூ போடுவாங்கம்மா. கம்பி போடுவாங்களான்னுதான் தெரியல!”

பள்ளி விடுமுறை நேரம். கடலோரம் எங்கும் இடமில்லை. கிடைத்த இடமெல்லாம் மாடியில் இருந்தது. தேடித் தேடிக் கடைசியில், மணலை ஒட்டி வரிசையாகக் கட்டியிருந்த மர வீடுகளின் படத்தைத் திருப்பிக் காட்டினாள் லூசி.

“இது வேணாம்கா, சுவரோட சுவர் ஒட்டியிருக்கு” என்றான் யுகேந்திரன். “விடியறதுக்கு முன்னாடியே எழுந்து சத்தமா சாமிப் பாட்டு போடுற பழக்கம். பக்கத்து ரூம்காரன் சண்டைக்கு வந்துடுவான்.”

“அந்தக் குறட்டைக்கு முன்னாடி பாட்டெல்லாம் ஒண்ணுமே இல்ல லா” என்றாள் ஷாமினி.

இருவரும் சேர்ந்து சிரித்தார்கள். மறுநொடியே, ஏதோ தப்புச் செய்துவிட்டது போல அவன் கைப்பேசியைப் பார்த்தான். அவள் ஜன்னலைப் பார்த்தாள்.

லூசிக்குத் தலை சுற்றியது. சாமிப் பாட்டு யாருக்கு, குறட்டை யாருக்கு?

“தம்பி, தப்பா நினைச்சுக்காதீங்க. உங்களுக்கு எப்போ கல்யாணம்?”

“எங்களுக்கா?” யுகேந்திரன் ஷாமினியை ஒரு தரம் பார்த்தான். “அது ஆகி ரொம்ப வருஷமாச்சுக்கா. போன வருஷம் டிவோர்ஸும் ஆயிடுச்சு.”

லூசி வாயைத் திறந்தாள். அதற்குள் ஷாமினியின் கைப்பேசி அடித்தது.

“சொல்லுங்க அத்தை... ஆமா, அவரும் இங்கதான் இருக்காரு... ஐயோ, சண்டையெல்லாம் போடல. கடல் தெரியற மாதிரிதான் தேடுறோம். நீங்க சாப்பிட்டு மாத்திரையைப் போடுங்க.”

“என்னவாம் அம்மாவுக்கு?” என்றான் யுகேந்திரன்.

“சும்மாதான். குரலே மாறிப் போச்சு. அவ்வளவு சந்தோஷம்.”

இப்போதுதான் லூசிக்கு விளங்கியது. கோர்ட்டில் பிரிந்த பிறகும் மருமகள் மாமியாரை மாத்திரை போடச் சொல்கிறாள். மாமியாருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அப்படியென்றால் இவர்கள் மறுபடியும் சேரப் போகிறார்கள்! பழைய கூச்சம் இன்னும் போகவில்லை, அவ்வளவுதான். கிள்ளானில் இருக்கும் லூசியின் தங்கையும் தங்கை கணவரும் பிரிந்த பிறகு கோயில் பூசையில்கூட ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை. அதை நினைத்ததும் லூசிக்குக் கண் கலங்கிவிட்டது.

உடனே பங்கோரில் அந்த மர வீடுகளின் முதலாளிக்குப் போன் போட்டாள்.

“பாஸ், மூலையில தனியா ஒரு வீடு இருக்கே, அதை எனக்குக் கொடுங்க. தெரியும் பாஸ், உங்க சொந்தக்காரங்களுக்கு வச்சிருக்கீங்க. அவங்களை மாடிக்கு அனுப்புங்க லா. பிரிஞ்சு போன குடும்பம் ஒண்ணு சேருது.”

யுகேந்திரன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். லூசி கையைக் காட்டி அவனை அடக்கினாள்.

“பாத்ரூம்ல ஒரு கம்பியும் மாட்டிடுங்க பாஸ்... ஏன்னு எனக்கும் தெரியாது. மாட்டுங்க, ஆண்டவர் உங்களை ஆசீர்வதிப்பார்.”

போனை வைத்தபோது அவள் முகம் மலர்ந்திருந்தது. “கிடைச்சிடுச்சு! ரெண்டு பேர் பேரையும் ஐ.சி. அடையாள அட்டையில இருக்கிற மாதிரியே சொல்லுங்க.”

“பரமேஸ்வரன்” என்றாள் ஷாமினி.

“சீதாலெட்சுமி” என்றான் யுகேந்திரன்.

லூசி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். “அது யாரு?”

“எங்கப்பா. அம்மா தவறினதுல இருந்து தனியாத்தான் இருந்தாரு.”

“எங்கம்மாவும் அப்படித்தான்” என்றான் யுகேந்திரன்.

ஷாமினி கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். அவள் முகத்தில் சிரிப்பும் வெட்கமும் கலந்திருந்தன. “எங்க ரெண்டு பேரையும் எப்படியாவது சேர்த்து வச்சிடணும்னு வாராவாரம் உட்கார்ந்து பேசினாங்கக்கா. நாங்க சேரல, அவங்க சேர்ந்துட்டாங்க.”