பத்தாவது திட்டு

இன்னும் ஒரே ஒரு திட்டு. அதோடு நூஹும் திராவோரே என்ற கிழவரின் போன் எண்ணை இயந்திரம் அடைத்துவிடும்.

அசிதான் ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். திரையில் அவருடைய எண் துடித்துக்கொண்டிருந்தது. காலை ஒன்பது மணி. மனிதர் ஒரு நிமிஷம் பிந்த மாட்டார்.

பமாக்கோ நகரில் இந்த அலுவலகத்தில் ஆறு பேர் சேர்ந்து வளர்த்த பிள்ளை அந்த இயந்திரம். எந்த விவசாயி போன் போட்டாலும் பம்பரா மொழியிலேயே பதில் சொல்லும். மழை எப்போது வரும், புழுவுக்கு என்ன மருந்து, எல்லாம் அதற்கு அத்துப்படி. குரல் அசிதானுடையது. மூன்று மாதம் கதவைச் சாத்திக்கொண்டு, தொண்டை வறளப் பேசிக் கொடுத்தாள்.

பெயரும் அவளுடையதுதான். அது ஒரு கூத்து.

முதல் வாரம் கூப்பிட்டவர்களெல்லாம் எடுத்த எடுப்பில் "உன் குலப்பெயர் என்ன?" என்றுதான் கேட்டார்கள். வேறென்ன கேட்பார்கள்? குலப்பெயர் தெரியாமல் யாரிடம் என்ன முறை வைத்துப் பேசுவது!

"எனக்குக் குலப்பெயர் இல்லை" என்றது இயந்திரம்.

பட்டென்று வைத்துவிட்டார்கள்.

வாரம் முடிந்ததுமே அசிதான் தன் குலப்பெயரை அதற்குக் கொடுத்தாள். டியாரா. ஏன், என் பேருக்கு என்ன குறைச்சல் என்று மேலாளர் சிதிபே இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தார்.

டியாரா என்று கேட்டபிறகு திராவோரே குலத்தார் சும்மா இருப்பார்களா? திராவோரே டியாராவைத் திட்ட வேண்டும், டியாரா திராவோரேயைத் திட்ட வேண்டும். முன்பின் பார்த்திராவிட்டாலும் முறை முறைதான். சிரித்துக்கொண்டு திருப்பித் திட்டினால் சொந்தம். கோபித்துக்கொண்டால் அவனெல்லாம் ஒரு மனுஷனா?

பணம் போட்ட வெளிநாட்டுக்காரர்களுக்கு இதெல்லாம் எங்கே தெரியும், பாவம். ஒருவர் பத்து நாள் திட்டினால் எண்ணை அடைத்துவிடு என்று இயந்திரத்துக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். அதை மாற்ற இங்கே யாருக்கும் அதிகாரம் கிடையாது. நடுவில் புகுந்து பேசலாம், அவ்வளவுதான். அப்போது இயந்திரம் காதைப் பொத்திக்கொள்ளும், திட்டு கணக்கில் ஏறாது.

நூஹும் ஒன்பது நாளாகக் கூப்பிடுகிறார். சேகு பக்கம் ஏதோ ஊர். தினமும் கம்புக்கு ஒரு சீக்கு. ஒரு நாள் இலை மஞ்சள், ஒரு நாள் குருத்தில் புழு, ஒரு நாள் கதிரையே காணோம். ஒரே வயலுக்கு இத்தனை கேடா என்று அசிதான் வாய்விட்டே சொல்லியிருக்கிறாள். இந்த நேரத்தில் எண்ணையும் அடைத்துவிட்டால் அந்தக் கிழவர் யாரிடம் போய் நிற்பார்?

நேற்றைய பதிவை நாலு தடவை கேட்டுவிட்டாள்.

"ஏண்டி காராமணி தின்னி, பானையோட முழுங்கிட்டு உக்காந்திருக்கியா? என் கம்பைப் பாருடி!"

"மன்னிக்கவும் ஐயா. உங்கள் பயிரின் இலை என்ன நிறத்தில் இருக்கிறது?"

கிழவர் மெதுவாக, "நீயெல்லாம் ஒரு டியாராவா" என்றுவிட்டு வைத்துவிட்டார்.

அந்த மெதுவான குரல் அவளோடு வீடுவரை வந்தது. சோறு இறங்கவில்லை.

"மனுஷி உள்ள புகுந்து பேசினா மெஷின் தோத்துப்போச்சுன்னு பணம் போட்டவங்க எழுதிருவாங்க, அசிதான்" என்றார் சிதிபே, பின்னால் நின்றுகொண்டு.

"எழுதட்டும்ணே. அந்த மனுஷன் கம்பு காஞ்சுபோனா நீங்க போய்த் தண்ணி ஊத்துவீங்களா?"

சிதிபே தலையைச் சொறிந்துகொண்டார். அவருக்கு மட்டும் ஊர் வழக்கம் தெரியாதா என்ன.

இணைப்பு கிடைத்தது. வீட்டில் நலமா, பிள்ளைகள் நலமா, ஊரில் எல்லாரும் நலமா என்று இயந்திரம் அழகாக விசாரித்தது. அவரும் ஒவ்வொன்றுக்கும் நலம் சொன்னார். பிறகு மூச்சை இழுத்தார்.

"ஏண்டி, கா..."

அசிதான் பொத்தானை அமுக்கினாள்.

"காராமணியா? யோவ் திராவோரே, எங்க வீட்டுக் காராமணிப் பானையை நக்கி நக்கியே ஓட்டை போட்டவன்யா நீ! உன் கம்புல ஏன் புழு வருதுன்னு தெரியுமா? உன் மூஞ்சியைப் பார்த்துட்டு, நம்ம சொந்தக்காரன்தான்னு விருந்துக்கு வருது!"

சிதிபே கண்ணை மூடிக்கொண்டார்.

மறுமுனையிலிருந்து சிரிப்பு வந்தது. கிழவர் இருமி இருமிச் சிரித்தார். நிறுத்துகிற மாதிரியே இல்லை. ஒரு வழியாக நின்றபோது மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"இப்பத்தான்டி வாயைத் தொறந்திருக்க" என்றார். "எங்க ஊர்ல ஒரே ஒரு டியாராதான். மோலோபாலின்னு பேரு. அறுபது வருஷம், விடிஞ்சா நான் அவனைத் திட்டுவேன், அவன் என்னைத் திட்டுவான். மழைக்கு முந்தி அவனைப் புதைச்சோம். அன்னையிலேருந்து எல்லாரும் எங்கிட்ட மரியாதையாத்தான் பேசுறாங்க, தாயி."

அழுதால் முறை கெட்டுவிடும். வந்த வேலையைப் பார்ப்போம் என்று அசிதான் நோட்டை இழுத்து வைத்துக்கொண்டாள்.

"சரி, கம்புக்கு என்ன ஆச்சு, சொல்லுங்க. மருந்து சொல்றேன்."

"கம்பா? எனக்கு ஏதுடி நிலம்? நான் டெய்லர்" என்றார் நூஹும். "நீ திட்டு."