விரிந்த பூ

"என் பெட்டியில உன் கைக்கு என்ன வேலை?"

நேதா போட்ட சத்தத்தில் வயலே நிமிர்ந்து பார்த்தது.

கலோயன் வெடுக்கென்று கையை இழுத்தான். கையோடு ஒரு கட்டு டாஃபோடில் பூ வந்து சேற்றில் விழுந்தது. அவனே அதை பூட்ஸ் காலால் மிதித்துப் புதைத்தான்.

"பாத்தீங்களா அநியாயத்தை! குனிஞ்சு குனிஞ்சு இடுப்பு ஒடியுது எனக்கு. இவன் நோகாம அள்ளிட்டுப் போறான்!"

எல்லோரும் பல்கேரியாவிலிருந்து ஒரே பஸ்ஸில் இங்கிலாந்தின் கார்ன்வாலுக்குப் பூப் பறிக்க வந்தவர்கள்தான். விடிந்ததிலிருந்து மழை. தண்டில் வடியும் பால் பட்டு நேதாவின் மணிக்கட்டெல்லாம் கொப்புளம். சண்டை போடத் தெம்பில்லை. ஆனாலும் போட்டாள்.

"வாயே திறக்காத ஆளை நம்பக் கூடாதுக்கா," என்றாள் பக்கத்து வரிசை வெலிக்கா.

மேஸ்திரி கெரென்ஸா குடையோடு வந்தாள்.

"எடுத்தியா?"

கலோயன் நேதாவைப் பார்த்தான். சேற்றைப் பார்த்தான்.

"எடுத்தேன்."

"எதுக்கு?"

பூ புதைந்த இடத்தில் காலை இன்னும் அழுத்தினான்.

"சரி, மூட்டையைக் கட்டு. திருட்டுக்கு இங்க இடமில்லை."

போகிற போக்கில் நேதாவிடம் நின்றான். "மழையில மூக்குக் கண்ணாடியைத் துடைச்சுத் துடைச்சுப் பறிங்கக்கா."

"திமிரைப் பாரு!" என்றாள் வெலிக்கா.

திமிர்தான். வந்த புதிதிலேயே பாடம் நடத்தியவன் அவன். "மொட்டா இருக்கும்போதே ஒடிக்கணும்க்கா. வெடிச்சு மஞ்சள் தெரிஞ்சா கடைக்காரன் வாங்க மாட்டான். சுண்டி இழுக்காதீங்க, கிழங்கு ஆடிப்போகும்."

"வீட்டுல கிழங்கு நட்டுப் பூப் பாத்தவதான் நானும். உன் வரிசையைப் பாரு!" என்று அன்றோடு அவன் வாயை அடைத்திருந்தாள் நேதா.

அடுத்த நாளே விரிந்த பூவோடு கெரென்ஸாவிடம் மாட்டிக்கொண்டாள் என்பது வேறு விஷயம். "இன்னொரு தடவை மஞ்சளைப் பாத்தேன், ஊருக்கு அனுப்பிடுவேன்!"

எல்லோர் முன்னாலும் நேதா அழுதேவிட்டாள். வெள்ளத்தில் வீட்டுச் சுவர் பாதி போயிருந்தது. இந்த சீசன் கூலியில்தான் எழுப்பியாக வேண்டும். அதன்பின் அவளைப் பற்றிப் புகாரே இல்லை. தொழில் படிந்துவிட்டது என்று அவளுக்கே பெருமை.

கலோயன் போன அன்று சாயங்காலம், அவர்கள் தங்கியிருந்த கேரவன் வண்டியில் ரொட்டியும் வெண்ணெய்க்கட்டியும் தின்னும்போது, "இத்தனை நாள்ல எவ்வளவு சுருட்டினானோ!" என்றாள் வெலிக்கா.

நேதா யோசித்துப் பார்த்தாள். ஒரு நாள்கூட அவள் பெட்டியில் கட்டு குறைந்ததில்லை. அது எப்படி? அசதியில் அதற்கு மேல் யோசனை ஓடவில்லை. தூங்கிப்போனாள்.

மறுநாளும் மழை. அம்மாக்களுக்குப் பூக் கொடுக்கும் அன்னையர் ஞாயிறு நெருங்கிவிட்டதால் பூ ஏற்ற லாரி காத்துக்கொண்டிருந்தது. கண்ணாடியில் நீர் வழிய வழிய, நேதா தடவித் தடவிப் பறித்தாள்.

மாலையில் கெரென்ஸா அவள் பெட்டியைத் தூக்கிவந்து முன்னால் வைத்தாள். முகத்தில் கோபத்தைவிட ஆச்சரியம்தான் அதிகம்.

"என்ன ஆச்சு நேதா உனக்கு? இத்தனை நாளா உன் பெட்டியில தேடினாலும் ஒரு விரிஞ்ச பூ இருக்காது. இன்னிக்கு என்னடான்னா, கட்டுக்குக் கட்டு மஞ்சளா இருக்கே!"